சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் என்ன ஆனான்?

ஜனவரி 6, இரவு 9.20

கேள்வி ஒரு கல்லூரி மாணவியுடையது. அவர் சொற்களிலேயே போடுகிறேன்: "கோவலன் வெட்டுப்பட்டுச் செத்தான். பாண்டியன் அரியணையிலேயே விழுந்து செத்தான். கோப்பெருந்தேவியும் போய்விட்டாள். மதுரை எரிந்தது. இத்தனைக்கும் காரணமான பொற்கொல்லன் என்ன ஆனான்? புத்தகம் முழுக்கத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. ஆசைப்பட்டான், பொய் சொன்னான், காணாமல் போய்விட்டான். இது என்ன துன்பியல் கதை?"

சரியான கேள்வி. சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் 16ஆவது, கொலைக்களக் காதை. அதில் ஏறக்குறைய பாதி போனபிறகுதான் பொற்கொல்லன் வருகிறான். காதை முடிவதற்குள் அவன் வேலையும் முடிந்துவிடுகிறது. அப்புறம் அவன் பேச்சு மற்றவர்கள் வாயில்தான். "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன்" என்று பாண்டியன் கதறும்போதும் ஆள் அங்கே இல்லை. அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை இளங்கோ.

ஜனவரி 6, இரவு 11.50

படுத்தும் தூக்கம் வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா நகை வேலை செய்தவர். மதுரை தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற பட்டறை. கும்மட்டி, ஊதுகுழல், கொறடு, உரைகல், தராசு. பள்ளியில் வழக்குரை காதை நடத்திய அன்று பின் பெஞ்சில் ஒருவன் என்னைப் பார்த்து "உங்க தாத்தாதானேடா" என்றான். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது. அதனால் இந்தப் பொற்கொல்லனைப் பற்றி என்னால் எட்ட நின்று பேச முடியாது. பல வருடமாக அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 7, காலை 7.10

மாணவியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆசையா இந்த அழிவைச் செய்தது?

மூலத்தை மெதுவாகப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஆசை செய்தது ஒரே ஒரு காரியம்: அரசியின் சிலம்பை எடுத்து ஒளித்தது. கோவலன் மதுரைக்குள் வருவதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது. அத்தோடு நின்றிருந்தால் அரண்மனையில் ஒரு நகை காணோம் என்கிற புகார், அவ்வளவுதான். கோவலன் சிலம்பை நீட்டும்போது பொற்கொல்லன் மனத்தில் ஓடுவதை இளங்கோ அப்படியே எழுதுகிறார்:

"கரந்துயான் கொண்ட காலணி ஈங்குப்
பரந்து வெளிப்படா முன்னம் மன்னற்குப்
புலம்பெயர் புதுவனிற் போக்குவன் யான்"

நான் ஒளித்த கால் சிலம்பு விஷயம் ஊருக்குள் பரவி வெளியே வருவதற்கு முன்னால், ராஜாவிடம் இந்த வெளியூர்ப் புது ஆள் பேரில் தள்ளிவிடுகிறேன். இதில் கோவலனின் சிலம்பு மேல் ஆசை எங்கே இருக்கிறது? இருப்பது பயம். திருடியது வெளியே வந்துவிடுமோ என்கிற பயம். அந்தப் பயத்துக்குத் தோதாக ஒரு ஆள் கிடைக்கிறான். ஊரில் அவனுக்குச் சாட்சி சொல்ல ஒரு நாய் இல்லை. "புலம்பெயர் புதுவன்" என்ற இரண்டு சொல்லில் அவனை எடைபோட்டு முடித்துவிட்டான்.

ஜனவரி 7, மதியம் 1.30

தேனியிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர், பொற்கொல்லன் வறுமையில் செய்திருக்கலாமே என்கிறார். இருக்காது. அவன் வருகிற காட்சியைப் பாருங்கள். நூறு கைவினைஞர்கள் பின்னால் வருகிறார்கள். மெய்ப்பை, அதாவது சட்டை, போட்டிருக்கிறான். கையில் கோல். "வேந்தர் முடிமுதற் கலன்கள் சமைப்பேன்" என்று தன் வாயாலேயே சொல்கிறான். ராஜாவின் கிரீடம் முதற்கொண்டு அவன் பட்டறையில்தான். அப்படிப்பட்டவன் தன் இடத்தைக் கோவலனிடம் "என் சிறுகுடில்" என்கிறான். ராஜாவிடம் "சில்லைச் சிறுகுடில்" என்று இன்னும் ஒரு படி குறைத்துச் சொல்கிறான். நூறு பேருக்குக் கூலி கொடுக்கிறவனின் குடிசை! பணிவையும் அவன் ஒரு கருவியாகத்தான் வைத்திருக்கிறான்.

ஜனவரி 7, மாலை 6.45

அப்பா சொன்ன ஒன்று. நகையில் இரண்டு துண்டைச் சேர்க்க, பற்றாசுப் பொடியை வெங்காரத்தோடு வைத்து ஊதுகுழலால் தீயைச் செலுத்துவார்கள். ஊதி முடித்தால் சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. "பொடி வச்சுப் பேசுறான்னு சொல்றாங்களே, அது எங்க பட்டறையில இருந்து போனது" என்பார். உண்மையோ இல்லையோ, இந்தப் பொற்கொல்லன் பேச்சுக்கு அது பொருந்துகிறது. ராஜாவிடம் அவன் சொல்வதைக் கவனியுங்கள். சுவரைத் துளைக்கும் கன்னக்கோல் இல்லை, கவைக்கோல் இல்லை. மந்திரத்தைத் துணையாகக் கொண்டு வாயில் காவலரைத் தூங்க வைத்துச் சிலம்பை எடுத்த கள்வன் இப்போது என் குடிசையில் இருக்கிறான். திருட்டு நடந்தது உண்மை. சிலம்பு காணாமல் போனது உண்மை. ஒரு ஆள் சிலம்போடு அங்கே இருப்பதும் உண்மை. இந்த உண்மைகளை ஒட்டவைக்கிற இடத்தில் மட்டும் பொய். பூட்டு உடையவில்லையே, சுவரில் துளை இல்லையே என்று யாராவது கேட்டால்? அதற்குத்தான் மந்திரம். கேள்வி வருவதற்கு முன்பே பதில் தயார்.

ஜனவரி 8, இரவு 10.15

"ராஜாதான் குற்றவாளி, பொற்கொல்லனை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி, அந்த இடத்துக்கு வருவோம்.

அன்று அரண்மனையில் கூத்து நடக்கிறது. ஆடுமகளிரின் ஆட்டமும் பாட்டும் ராஜாவின் மனத்தை இழுத்துவிட்டது என்று அரசிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். ராஜா மந்திரச் சுற்றத்தை, அதாவது அமைச்சர்களை, விட்டுவிட்டு, பணிப்பெண்களோடு அவள் இருப்பிடத்தை நோக்கி நடக்கிறான். அந்த வாசலில்தான் பொற்கொல்லன் காலில் விழுகிறான். ஆலோசனை சொல்ல ஒரு அமைச்சர்கூடப் பக்கத்தில் இல்லை. கோபித்துப் போன மனைவியின் காணாமல் போன சிலம்பு கிடைத்துவிட்டது என்று ஒருவன் சொல்கிறான். எந்தக் கணவனும் அந்த நிமிஷத்தில் அவசரப்படத்தான் செய்வான். ராஜா "தேரான் ஆகி", ஆராயாதவனாகி, ஊர்க்காவலர்களைக் கூப்பிட்டு, என் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்கிறான்.

இந்த வரிக்குப் பழைய உரையில் ஒரு விளக்கம் உண்டு. "கொல்ல, அச்சிலம்பைக் கொணர்க" என்று சொல்ல நினைத்தவன், வினை விளையும் காலமாதலால் "கொன்று" என்று சொல்லிவிட்டானாம். சின்ன வயதில் இதை ராஜாவைக் காப்பாற்றச் சொன்ன சமாதானம் என்று ஒதுக்கினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவசரத்தில் இருக்கிறவன் வாயில் சொல் மாறுவது நாம் தினம் பார்ப்பதுதான். அவன் வாயில் அது மாறினால் ஒரு உயிர் போகிறது. அதுதான் ராஜாவுக்கும் நமக்கும் வித்தியாசம்.

ராஜா குற்றவாளிதான். அவனே ஒப்புக்கொண்டு செத்தான். பொற்கொல்லன் ஒப்புக்கொள்ளவே இல்லை. அதனால்தான் பிடித்துத் தொங்குகிறேன்.

ஜனவரி 8, இரவு 10.40

மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்தவேண்டும். பொற்கொல்லன் நேரம் பார்த்து வாசலில் காத்திருந்தான் என்கிற தொனி வந்துவிட்டது. நூலில் அப்படிச் சொல்லவில்லை. அவன் வந்தான், ராஜா அந்த நேரம் வாசலில் இருந்தான். தற்செயலாகவும் இருக்கலாம். தற்செயலாக இருந்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

ஜனவரி 10, காலை 6.30

காவலர்கள் காட்சி. யாரும் இதைப் பற்றி எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோவலனைப் பார்த்ததும் காவலர்கள் தயங்குகிறார்கள். "இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன் கொலைப்படு மகன் அலன்" என்கிறார்கள். பார்த்தாலே தெரிகிறது, இவன் கொல்லப்படவேண்டியவன் இல்லை. அந்த ஒரு கணம் கோவலன் பிழைத்திருக்கலாம். கதை முழுவதிலும் சரியாகப் பார்த்தவர்கள் அந்தச் சாதாரணக் காவலர்கள்தான்.

பொற்கொல்லன் என்ன செய்கிறான்? "அகநகைத்து", உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, பாடம் நடத்துகிறான். கள்வர்களுக்கு எட்டுத் துணை உண்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேறு. பிறகு ஒரு கதை: தூதன் வேஷத்தில் பகலில் வாசலில் நின்று, பெண் வேஷத்தில் இருட்டில் உள்ளே புகுந்து, தூங்குகிற இளவரசனின் வயிர ஆரத்தைப் பறித்துப் போன கள்வன் கதை. திருட்டுச் சாத்திரத்தை இவ்வளவு விவரமாகத் தெரிந்துவைத்திருக்கிறவன் யார் என்று காவலர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பயம் வந்துவிட்டது. ஒரு இளைஞன், மழை நள்ளிரவில் உளியோடு வந்த கள்வன் ஒருவன் தன் வாளையே பிடுங்கிக்கொண்டு மறைந்துபோன கதையைச் சொல்கிறான். இவனை விட்டால் ராஜா நம்மைத் தண்டிப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கேட்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே "கல்லாக் களிமகன் ஒருவன்", குடித்திருந்தவன், வாளை வீசிவிடுகிறான்.

பொற்கொல்லன் கையில் ரத்தம் படவே இல்லை. கொன்றவன் ஒரு குடிகாரன், ஆணையிட்டவன் ராஜா, தயங்கினவர்கள் காவலர்கள். அவன் பேசினான், அவ்வளவுதான்.

ஜனவரி 10, இரவு 9.00

ஒருவர் ஒத்தெல்லோவைக் கொண்டு வந்திருக்கிறார். நல்லது. 1604இல் லண்டனில் அரண்மனையில் ஆடிய ஷேக்ஸ்பியர் நாடகம். பொய் சொல்லியே ஒத்தெல்லோவைத் தன் மனைவி டெஸ்டிமோனா மேல் சந்தேகப்பட வைத்து, அவளைக் கொல்லவும் வைக்கிறவன் இயாகோ. இயாகோவுக்குப் பேராசை இல்லை, பொறாமைதான் என்கிறார் அவர். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ரொடெரிகோ என்ற பணக்கார இளைஞனிடம், டெஸ்டிமோனாவுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லி நகைகளையும் பொன்னையும் வாங்கி இயாகோ தானே அமுக்கிக்கொள்கிறான். ஐந்தாம் அங்கத்தில், ரொடெரிகோ உயிரோடு இருந்தால் அந்த நகையைத் திருப்பிக் கேட்பான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, அவன் சாவதற்கு வழி பண்ணுகிறான். நம் பொற்கொல்லன் கணக்கும் இதே கணக்கு. எடுத்ததை மறைக்க ஓர் உயிர்.

அங்கே ஒரு கைக்குட்டை, இங்கே ஒரு சிலம்பு. இரண்டும் பெண்ணின் பொருள், இரண்டும் பொய்ச் சாட்சியாக மாறுகிறது. கடைசியில் இயாகோ பிடிபடுகிறான், ஏன் செய்தாய் என்று கேட்கிறார்கள், இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். அவன் சாவதை மேடையில் நாம் பார்ப்பதில்லை. மாணவிக்கு இது ஓரளவு பதில். பேச்சால் அழித்தவனிடமிருந்து பேச்சை எடுத்துவிட்டால் அப்புறம் அவனிடம் பார்க்க என்ன இருக்கிறது?

ஜனவரி 11, காலை 8.15

தண்டனையே இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தோம். இருக்கிறது. அவனுக்கு இல்லை, மற்றவர்களுக்கு.

நூலின் தொடக்கத்தில் இருக்கும் உரைபெறு கட்டுரை என்ற உரைநடைப் பகுதியில் வருகிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் சூழ்ந்தபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று கண்ணகிக்குப் பலி கொடுத்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது. நீர்ப்படைக் காதையிலும் "ஈரைஞ்ஞூற்றுவர்" என்று எண்ணிக்கை சொல்லி, "ஒருபகல் எல்லை" என்று நேரமும் சொல்கிறார். ஒரே பகலில் ஆயிரம் பேர்.

பள்ளியில் இதை நடத்தவில்லை. நானாகப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு அப்பா பட்டறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு மூக்குத்திக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி வைத்திருந்தார். அந்த ஆயிரம் பேரும் இப்படித்தானே குனிந்து உட்கார்ந்திருந்திருப்பார்கள்? அவர்களில் எவன் அரசியின் சிலம்பைத் தொட்டான்? "தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்" என்று தட்டானைப் பற்றிப் பழமொழி வைத்திருக்கிற ஊர் இது. ஒருவன் செய்ததைத் தொழில் மேல் எழுதிவிட்டார்கள். பாண்டியன் செய்த அதே தவறு, ஆராயாமல் கொன்றது, ஆயிரம் மடங்காக. அதற்கு மழை பெய்தது என்று நூல் சொல்வதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஜனவரி 12, மதியம் 2.00

கட்டுரை காதையை மறந்துவிட்டீர்களே என்கிறார் ஒருவர். மறக்கவில்லை, தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மதுரையின் காவல் தெய்வம் கண்ணகியிடம் முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்துக்கும் கபிலபுரத்துக்கும் பகை. கபிலபுரத்திலிருந்து சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வந்து நகை விற்கிறான். பரதன் என்பவன் அவனை ஒற்றன் என்று ராஜாவிடம் காட்டிக்கொடுக்கிறான். சங்கமன் கொல்லப்படுகிறான். நீலி பதினான்கு நாள் அழுது அலைந்து, மலையிலிருந்து விழுந்து சாபமிட்டுச் சாகிறாள். அந்தப் பரதன்தான் இந்தப் பிறப்பில் கோவலன்.

வெளியூர் வணிகன், விற்க வந்த நகை, ராஜாவிடம் ஒரு பொய், ஆராயாத கொலை, பதினான்கு நாள். அச்சு அசல். போன பிறவியில் பொற்கொல்லன் இடத்தில் நின்றவன் கோவலனேதான். பொற்கொல்லனுக்குப் பெயர் வைக்காததன் காரணம் இதுவாகவும் இருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

ஜனவரி 12, இரவு 11.30

மதியம் எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றால் இவன் குற்றம் குறைந்துவிடுகிறது. குறையாது. ஏன் குறையாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் சண்டை இதற்காகத்தான்.

மதுரையில் அத்தனை பேரிலும் அந்தச் சிலம்பைப் பார்த்த மாத்திரத்தில் உண்மை சொல்லக்கூடியவன் அவன் ஒருவன். ராஜாவுக்கு நகை தெரியாது. காவலர்களுக்குத் தெரியாது. அரசியின் சிலம்பில் பரல் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வழக்குரை காதையில் உடைத்த பிறகுதான் எல்லாருக்கும் தெரிகிறது. அவனுக்கு உடைக்கவேண்டிய அவசியமே இல்லை. கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அப்பா கொலுசைக் காதருகே வைத்து மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டி, உள்ளே மணி என்ன, எத்தனை என்று சொல்லிவிடுவார். கோவலன் நிரபராதி என்பதற்கு ஊரிலேயே ஒரே சாட்சி அந்தப் பொற்கொல்லன். அவன்தான் குற்றம் சாட்டினவன். தொழில் கற்றுக்கொடுத்த கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டு பொய் சொன்னான். திருடியதைக்கூட மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்கமாட்டேன்.

ஜனவரி 13, காலை 7.00

தேனிக்காரர் திருத்துகிறார், சரியாகத்தான் திருத்துகிறார். மூலத்தில் "சித்திரச் சிலம்பின் செய்வினை எல்லாம் பொய்த்தொழிற் கொல்லன் புரிந்துடன் நோக்கி" என்றுதான் இருக்கிறது. வேலைப்பாட்டைக் கூர்ந்து பார்த்தான். ஆட்டிப் பார்த்ததாக இல்லை. ஆட்டுவது நான் நாடகத்தில் பார்த்தது. இரண்டும் கலந்துவிட்டது.

ஜனவரி 13, இரவு 10.30

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் அம்மா ஊரில் பங்குனித் திருவிழாவுக்கு விடிய விடிய கோவலன் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஆட்டம். ஆர்மோனியம், மிருதங்கம், பபூன் எல்லாம் உண்டு. அங்கே பொற்கொல்லனுக்குப் பெயர் உண்டு, வஞ்சிப் பத்தன் என்பார்கள். அவன் மேடைக்கு வரும்போது மணி இரண்டரை இருக்கும். தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்து திட்டுவார்கள்.

ஒரு வருடம் நாடகக்காரர்கள் அப்பாவிடம் இரண்டு சிலம்பு கேட்டார்கள். பித்தளையில் போதும், ஆனால் ஒன்று தினம் உடையவேண்டும். அப்பா அதை இரண்டு பாதியாகச் செய்து உள்ளே ஒரு கொக்கி வைத்தார். ஓங்கி எறிந்தால் பிரியும், மறுநாள் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே போடச் சோளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. புதுமண்டபத்துக்குப் போய்ச் சிவப்புக் கண்ணாடிக் கல்லும் வெள்ளைப் பாசியும் தனித்தனியாக வாங்கி வந்தார். கண்ணகிக்குச் சிவப்பு, அரசிக்கு வெள்ளை. மேடைக்குக் கீழே இருக்கிறவனுக்கு ஆர்மோனியச் சத்தத்தில் என்ன கேட்கப் போகிறது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஊதிக்கொண்டிருந்தார்.

பொற்கொல்லன் வேஷம் போட்டவர் ஐம்பதைத் தாண்டியவர். காட்சி முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், முகத்தில் அரிதாரம் கலைக்காமல். அடுத்து அவரே காவலனாக வேறு வரவேண்டும். போய்ப் பேசினேன். சிலம்பு செய்தவர் பிள்ளை என்றதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோவலன் கொடுக்கிறப்போ காதுகிட்ட வச்சு ஆட்டுவேன் பாத்தீங்களா தம்பி? முன்னாடி சோளம்தான் கெடக்கும், அப்ப சும்மா ஆட்டுவேன். இப்ப கல்லு சத்தம் கேக்குது. அரசியோடது இல்லன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டு அந்த வசனத்தைச் சொல்லணும். ரெண்டு நாளா அந்த எடத்துல நாக்கு கொழறுது."